கனரகச் சரக்கு வண்டிகளில் டெலிமேட்டிக்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லாரி, டிரெய்லர், கிரேன் போன்ற கனரக வண்டிகள் பொதுச்சாலையில் எங்கே, எவ்வளவு எடையோடு, எந்த நேரத்தில் ஓடுகின்றன என்பதை வண்டியில் பொருத்திய கருவியே சொல்லிவிடும் ஏற்பாட்டைப் பற்றிய கேள்விகள் இவை. ஓனர்கள் கேட்பதும், டிரைவர்கள் கேட்பதும், அந்த வண்டிகளுக்குப் பின்னால் காரில் போகிறவர்கள் கேட்பதும் கலந்தே இருக்கும். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். அதனால் உதாரணம் வரும் இடத்திலெல்லாம் எந்த நாடு என்றும் சொல்லியிருக்கிறேன்.

டெலிமேட்டிக்ஸ் என்றால் லாரியில் ஜிபிஎஸ் மாட்டுவதுதானே?

ஜிபிஎஸ் அதில் ஒரு பங்குதான். இடத்தையும் நேரத்தையும் கணக்கிடும் ரிசீவர், எஞ்சின், பிரேக் கம்ப்யூட்டர்களிலிருந்து தகவல் எடுக்கும் இணைப்பு, எடை சென்சார், எல்லாவற்றையும் அனுப்பிவைக்கும் மோடமும் சிம்மும், அந்தப் பக்கம் வாங்கிச் சேர்த்துவைக்கும் சர்வர் என்று இத்தனையும் வேண்டும். ஜிபிஎஸ் என்று வாய் பழகிவிட்டதே தவிர, இன்றைய ரிசீவர்கள் பலவும் ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டூ, இந்தியாவின் நாவிக் எனக் கிடைக்கிற செயற்கைக்கோள்களைச் சேர்த்தே படிக்கின்றன.

ஓனர் ஏற்கெனவே டிராக்கர் வைத்திருக்கிறார். அரசு கேட்பதும் அதைத்தானா?

வேலை ஒன்றுபோலத் தெரியும், தரம் வேறு. ஓனருக்கு லோடு எங்கே வருகிறது, டீசல் எங்கே போகிறது, வண்டி எவ்வளவு நேரம் சும்மா நின்று எஞ்சின் ஓடியது என்பவை தெரிந்தால் போதும். நடுவில் பத்து நிமிடம் தகவல் வராவிட்டாலும் அவருக்கு நஷ்டமில்லை. அரசுத் துறைக்குப் போகும் பதிவு நாளைக்கு ஒரு விசாரணையில் ஆதாரமாக நிற்க வேண்டியது. அந்தப் பத்து நிமிட இடைவெளியைத்தான் முதலில் கேட்பார்கள்.

அதனால் சான்றிதழ் பெற்ற கருவிகளில் சில ஏற்பாடுகள் இருக்கும். பெட்டியைத் திறந்தால் தெரியும்படி சீல் இருக்கும். ஒவ்வொரு பதிவுக்கும் வரிசை எண் விழும், நடுவில் ஒன்றை உருவினால் எண் துள்ளிக் காட்டிக்கொடுத்துவிடும். சிக்னல் இல்லாத இடத்தில் பதிவுகளைச் சேர்த்துவைத்துப் பிறகு அனுப்பும். பேட்டரி வயரைக் கழற்றினாலும் உள்ளே இருக்கும் சிறு பேட்டரியில் ஓடும். வண்டியின் இடத்தைச் சொல்லும் கருவிகளுக்கான இந்தியாவின் ஏஐஎஸ்-140 தரமும் இப்படி ஓர் உள் பேட்டரியைக் கேட்கிறது.

கருவிக்குச் சான்று தருவது யார் என்பதும் முக்கியம். ஆஸ்திரேலியாவில் இதற்காகவே 2005-இல் டிரான்ஸ்போர்ட் சர்டிஃபிகேஷன் ஆஸ்திரேலியா என்ற அமைப்பை உருவாக்கினார்கள். கருவி விற்பதும் சேவை தருவதும் தனியார் நிறுவனங்கள்தான். அவை தரத்துக்கு உட்பட்டு நடக்கின்றனவா என்று பார்ப்பது இந்த அமைப்பு. அபராதம் போடும் துறை தன் கையாலேயே கருவியை மாட்டி, தானே படித்து, தானே தீர்ப்பும் சொல்லும் ஏற்பாட்டைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் எண்ணம்.

ஒரு லாரி எந்த ரோட்டில் போனால் சாலைத் துறைக்கு என்ன?

எடைதான் காரணம். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், ஒட்டாவா என்ற ஊர் அருகே, சோதனைக்கென்றே சாலைகள் போட்டு ராணுவச் சிப்பாய்களைக் கொண்டு லாரிகளை ஓட்டிப் பார்த்தார்கள். ஆஷோ சாலைச் சோதனை என்று பெயர். அதிலிருந்து வந்ததுதான் 'நான்காம் அடுக்கு விதி'. ஓர் அச்சு சாலைக்குச் செய்யும் சேதம் அதன் எடையின் நான்காம் அடுக்கை ஒட்டிக் கூடுகிறது. அச்சு எடை இரண்டு மடங்கானால் சேதம் 16 மடங்கு. 20 சதவீதம் ஓவர்லோடு என்றால் சேதம் இரு மடங்குக்கும் சற்று மேல். அரை டன் இறங்கும் கார் அச்சோடு 10 டன் இறங்கும் லாரி அச்சை ஒப்பிட்டால் 1,60,000 மடங்கு வரும். எல்லா வகைத் தார்ச் சாலைக்கும் இந்த அடுக்கு துல்லியமாக நாலுதான் என்று பொறியாளர்கள் சொல்ல மாட்டார்கள். தோராயக் கணக்குக்கு இன்றும் இதைத்தான் எடுக்கிறார்கள்.

பாலம் வேறு கதை. சிறு பாலத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு மூன்று அச்சுகள் சேர்ந்து இறக்கும் எடைதான் சோதனை. நீளப் பாலத்தில் வண்டியின் மொத்த எடையும், ஒரே நேரத்தில் எத்தனை வண்டி மேலே நிற்கின்றன என்பதும் கணக்கு. பல பாலங்கள் இன்றைய டிரெய்லர்களைவிட இலகுவான வண்டிகளை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டவை. எந்தப் பாலத்தில் எந்த வண்டி ஏறுகிறது என்று தெரியாவிட்டால், பொறியாளர் பயந்து எல்லாருக்கும் சேர்த்து எடை வரம்பைக் குறைப்பார். தெரிந்தால் இன்னாருக்கு, இந்த வழியில், இந்த எடை வரை என்று தைரியமாக அனுமதி கொடுக்கலாம்.

இதில் லாரிக்காரருக்கு என்ன கிடைக்கும்?

அந்த அனுமதிதான். ஆஸ்திரேலியாவில் ஆறு அச்சு டிரெய்லருக்குப் பொது வரம்பு 42.5 டன். சாலையை அதிகம் சேதப்படுத்தாத சஸ்பென்ஷன் போன்ற நிபந்தனைகளுக்கு உட்பட்டு, குறிப்பிட்ட சாலைகளில் மட்டும், 45.5 டன் வரை போக 'உயர் எடை வரம்பு' என்று ஒரு சலுகை உண்டு. ஒவ்வொரு நடைக்கும் 3 டன் கூடுதல் சரக்கு என்றால் ஓனர் கணக்குப் போட்டுக்கொள்வார். நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து மாநிலங்கள் இந்தச் சலுகைக்கு ஐஏபி என்ற டெலிமேட்டிக்ஸ் திட்டத்தில் சேர வேண்டும் என்று நிபந்தனை வைத்தன. வழி தவறாமல் போவேன் என்பதற்குக் கருவி சாட்சி, அதற்குப் பதில் கூடுதல் எடை.

இப்படிக் கொடுத்து வாங்கும் ஏற்பாடாக இருக்கும் இடத்தில் ஓனர்கள் தாங்களாகவே சேர்கிறார்கள். ஒன்றும் தராமல் பெட்டியை மாட்டு என்று மட்டும் சொன்னால், மலிவான பெட்டியைத் தேடி மாட்டிவிட்டு அதை மறந்துவிடுவார்கள். சிம் காலாவதியானதுகூடத் தெரியாது.

எடையைப் பெட்டி எப்படிக் கண்டுபிடிக்கிறது?

அதிகம் குழப்பம் வரும் இடம் இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் லோடு ஏற ஏற, காற்றுப் பைகளில் அழுத்தம் கூடும். அந்தக் காற்றுக் குழாயில் ஒரு அழுத்த சென்சாரை வைத்தால், அழுத்தத்திலிருந்து அந்த அச்சுத் தொகுதியின் எடையைக் கணக்கிடலாம். இரும்புப் பட்டை ஸ்பிரிங் உள்ள அச்சில் இது நடக்காது. அங்கே இரும்பு வளைவதை அளக்கும் சென்சாரோ, சேஸிக்கும் பாடிக்கும் நடுவில் உட்காரும் லோடு செல்லோ வேண்டும். முன் அச்சு பட்டை ஸ்பிரிங்காக இருக்கும் வண்டிகளில், அதன் எடையை மற்ற அச்சுகளின் எடையிலிருந்து ஊகித்துக்கொள்ளும் கருவிகளும் உண்டு.

முதலில் அளவுதிருத்தம் செய்ய வேண்டும். காலி வண்டியை எடை மேடையில் ஏற்றி ஒரு தடவை, முழு லோடோடு ஒரு தடவை. இந்த இரண்டு புள்ளிகளை வைத்துத்தான் நடுவில் இருக்கும் எல்லா எடையையும் கருவி கணக்கிடுகிறது. காற்றுப் பையை மாற்றினாலோ, சஸ்பென்ஷன் உயரத்தைக் கட்டுப்படுத்தும் வால்வை மாற்றினாலோ திரும்பவும் மேடை ஏற வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒர்க்‌ஷாப்பில் வால்வு மாற்றியதற்கு பில் இருக்கும், எடை மேடைச் சீட்டு இருக்காது.

படிக்கும்போதும் கவனிக்க வேண்டியவை உண்டு. வண்டி சமதளத்தில், பிரேக் பிடிக்காமல் நின்றால்தான் எண் நம்பகமானது. ஓடும்போது குலுக்கலில் அழுத்தம் ஏறி இறங்கும், பிரேக் மிதித்தால் எடை முன்னால் சாயும். நல்ல கருவி ஒரே ஒரு எண்ணை நம்பாமல், பல பதிவுகளின் சராசரியை எடுக்கும். அப்படியும் பிழை 2 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 42.5 டன் வண்டியில் அது 850 கிலோ. ஆகவே வரம்பைத் தொட்டுக்கொண்டு லோடு ஏற்றிவிட்டு, திரையில் பச்சை விளக்குதான் எரிந்தது என்று வாதாடிப் பயனில்லை.

பாதிச் சரக்கை இறக்கிய பிறகும் ஓவர்லோடு காட்டுகிறது. கருவி பழுதா?

பழுதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. டிரெய்லரின் பின்சக்கரத் தொகுதிக்கும் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில் உள்ள சரக்கு, டிரெய்லரின் முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்திருக்கும். அதை இறக்கியதும் அந்தத் தூக்கல் போய், எஞ்சின் வண்டியின் அச்சுகள் மேல் எடை கூடும். மொத்த எடை குறைந்திருக்கும், ஓர் அச்சில் மட்டும் வரம்பு தாண்டியிருக்கும். கிளம்பிய இடத்து எடைச் சீட்டை மட்டும் வைத்துக்கொண்டு போகும் டிரைவருக்கு இது தெரியவே தெரியாது. எடை சென்சார் அபராதத்திலிருந்து காப்பாற்றும் இடம் இதுதான்.

பக்கத்து ரோட்டில் போனதாகக் காட்டினால்?

நடக்கும். திறந்த வெளியில் ரிசீவர் சில மீட்டர் பிழையோடு இடத்தைச் சொல்லும். உயரமான கட்டடங்களுக்கு நடுவில் சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பி வருவதால் பிழை கூடும். மேம்பாலமும் அதன் அடியிலேயே சர்வீஸ் ரோடும் இருக்கும் இடத்தில் மேலேயா கீழேயா என்று ஒரே ஒரு புள்ளியை வைத்துச் சொல்வது கஷ்டம்.

அதோடு பதிவு இடைவெளியையும் பாருங்கள். 30 விநாடிக்கு ஒரு பதிவு என்றால், 90 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி இரண்டு பதிவுகளுக்கு நடுவில் 750 மீட்டர் போய்விடும். சிறு பாலம் ஒன்று முழுசாக அந்த இடைவெளிக்குள் அடங்கிவிடும். பாலத்தின் மேல் ஒரு புள்ளிகூட விழாமலே வண்டி கடந்திருக்கும். அப்போது முன்னும் பின்னும் உள்ள புள்ளிகளைச் சாலை வரைபடத்தோடு பொருத்தி, இந்த நேரத்துக்குள் இங்கிருந்து அங்கே வர வேறு வழி உண்டா என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வேறு வழி இருந்தால் சந்தேகத்தின் பலன் வண்டிக்குத்தான் போக வேண்டும். புகார் வந்தால், எத்தனை புள்ளிகளை வைத்துச் சொல்கிறீர்கள், எத்தனை செயற்கைக்கோள் தெரிந்தது என்று கேட்க டிரைவருக்கும் ஓனருக்கும் முழு நியாயம் உண்டு.

போலீஸே வேறு வழியில் திருப்பிவிட்டால் என்ன செய்வது?

அப்போதே எழுதிவைத்துவிடுங்கள். ஐஏபி போன்ற திட்டங்களில் டிரைவர் தானே தகவல் சேர்க்க கேபினில் ஒரு சிறு கருவி உண்டு. வண்டியின் அமைப்பு, எடை, வழி மாறியதற்கான காரணம் ஆகியவற்றை அதில் போடலாம். அது இல்லாத இடத்தில் ஒரு துண்டுச் சீட்டில் நேரமும் இடமும் காரணமும் எழுதி வைத்தாலும் உதவும். மூன்று வாரம் கழித்துக் கடிதம் வரும்போது எந்த நாள், எந்தச் சந்திப்பு என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது.

வரம்பு தாண்டினால் தானாக அபராதம் வந்துவிடுமா?

ஒழுங்காக வடிவமைத்த திட்டங்களில் வராது. ஐஏபி-யில் வண்டி போன ஒவ்வோர் அடியும் அரசுக்குப் போவதில்லை. நிபந்தனையை மீறியதுபோலத் தெரியும்போது மட்டும் சேவை நிறுவனம் ஓர் அறிக்கை அனுப்பும். அது குற்றம் உறுதியானது என்று ஆகாது. அதை எடுத்து விசாரிப்பதா விடுவதா என்பது சாலைத் துறையின் முடிவு.

ஐரோப்பாவில் இன்னும் வெளிப்படையாகவே எழுதிவிட்டார்கள். 2019 ஜூன் 15 முதல் புதிய கனரக வண்டிகளில் வந்த ஸ்மார்ட் டாகோகிராஃப் (ஓட்டும் நேரத்தையும் வேகத்தையும் பதியும் கருவி), ஓடிக்கொண்டிருக்கும்போதே சாலையோர அதிகாரியின் கருவிக்குச் சில தகவல்களை வானலையில் சொல்லும். டிரைவர் கார்டு இல்லாமல் வண்டி ஓடுகிறதா, மின்சாரம் துண்டிக்கப்பட்டதா, சென்சாரில் கோளாறா என்பது போன்றவை. அதை வைத்து எந்த வண்டியை நிறுத்திப் பார்ப்பது என்று முடிவு செய்யலாமே தவிர, தானியங்கி அபராதம் போடக் கூடாது என்று 165/2014 என்ற ஒழுங்குமுறையே சொல்கிறது. சந்தேகம் எதுவும் இல்லாத தகவலை மூன்று மணி நேரத்துக்குள் அழித்தும் விட வேண்டும்.

எனக்கு இதுதான் சரியான முறையாகப் படுகிறது. இயந்திரம் கேள்வி எழுப்பட்டும், பதிலைக் கேட்டு முடிவு சொல்வது ஒரு மனிதராக இருக்கட்டும். காற்றுப் பையின் அழுத்தத்துக்கு, டிரைவர் எந்தச் சூழ்நிலையில் வண்டியைத் திருப்பினார் என்று தெரியாது.

ஓட்டும் நேரத்தையும் இதுதான் கணக்கிடுகிறதா?

ஐரோப்பாவில் டாகோகிராஃப், அமெரிக்காவில் ஈஎல்டி என்ற மின்னணுப் பதிவுக் கருவி. ஐரோப்பிய விதிப்படி நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு, ஒரு நாளைக்கு 9 மணி நேரம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 வரை போகலாம். அமெரிக்காவில் சரக்கு வண்டிக்கு, வேலை தொடங்கியதிலிருந்து 14 மணி நேரத்துக்குள் 11 மணி நேரம் ஓட்டலாம். அங்கே 2017 டிசம்பர் 18 முதல் ஈஎல்டி கட்டாயமானது. வண்டி மணிக்கு 5 மைல் வேகத்தைத் தொட்டதும் டிரைவரைக் கேட்காமலே 'ஓட்டுகிறார்' என்று எழுதிக்கொள்ளும்.

இதனால் விபத்து குறைந்ததா?

எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. ஈஎல்டி கட்டாயமான பிறகு அமெரிக்காவில் நடந்த ஆய்வில் ஓட்டும் நேர மீறல்கள் நன்றாகக் குறைந்திருந்தன. விபத்து எண்ணிக்கை குறைந்ததற்கு அடையாளம் இல்லை, அதிவேகம் போன்ற மீறல்கள் கூடியிருந்தன, அதுவும் சிறு நிறுவனங்களில். காரணத்தை ஊகிப்பது கஷ்டமில்லை. நேரத்தை இறுக்கிவிட்டு, தூரத்தையும் டெலிவரி நேரத்தையும் அப்படியே வைத்தால், மிச்சம் இருப்பது வேகம் ஒன்றுதான். லோடு ஏற்ற நாலு மணி நேரம் காக்கவைக்கும் கிடங்குக்கு எந்தக் கருவியும் மாட்டுவதில்லை.

ஏமாற்றவே முடியாதா?

முயன்றவர்கள் நிறைய. ஐரோப்பாவில் பழைய தந்திரம் காந்தம். கியர்பாக்ஸில் இருக்கும் வேக சென்சாரின் மேல் பலமான காந்தத்தை ஒட்டினால் வண்டி ஓடும்போதே, நிற்கிறது, டிரைவர் ஓய்வில் இருக்கிறார் என்று டாகோகிராஃப் எழுதிக்கொள்ளும். அதைத் தடுக்க 2012 அக்டோபர் முதல் புதிய வண்டிகளில் இரண்டாவதாக ஒரு அசைவு ஆதாரத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னார்கள். ஒன்று நிற்கிறது என்றும் மற்றது ஓடுகிறது என்றும் சொன்னால் அந்த முரண்பாடே பதிவாகும்.

ஜாமர், அதாவது செயற்கைக்கோள் சிக்னலை அடைக்கும் கருவி, இன்னும் மோசம். அமெரிக்காவில் நியூவார்க் விமான நிலையத்தில் தரையிறங்க உதவும் அமைப்புக்கு அடிக்கடி இடைஞ்சல் வந்தது. தேடிப்போனால், தான் எங்கே இருக்கிறோம் என்று முதலாளிக்குத் தெரியக் கூடாது என்று நிறுவன வண்டியில் ஜாமர் வைத்திருந்த ஒருவரிடம் போய் நின்றது. 2012-இல் பிடித்தார்கள், மறு வருடம் கிட்டத்தட்ட 32,000 டாலர் அபராதம் விதிப்பதாக அறிவித்தார்கள்.

டிரைவரின் சொந்த நேரத்தையும் வேவு பார்ப்பார்களா?

நியாயமான பயம், டிரைவருக்கு லாரியே வீடாகவும் இருப்பதால் இன்னும் நியாயம். சில நாடுகள் இதை வடிவமைப்பிலேயே யோசித்திருக்கின்றன. ஈஎல்டி-யில் வேலை நேரத்தில் இடம் சுமார் ஒரு மைல் சுற்றளவுக்குத் துல்லியமாகப் பதிவாகும். டிரைவர் சொந்த வேலையாகப் போகிறேன் என்று மாற்றிவிட்டால் அது 10 மைல் அளவுக்கு மங்கிவிடும். ஜெர்மனியில் சாலைக் கட்டணத்துக்காக எடுத்த தரவை வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்று சட்டமே தடுக்கிறது. ஆஸ்திரேலியாவில், என்ன தகவல் எடுக்கப்படுகிறது என்பதை டிரைவரிடம் முன்பே சொல்வது ஓனரின் கடமை.

ஓனரே போட்டுக்கொள்ளும் கருவிக்கு இந்த வேலி பெரும்பாலும் கிடையாது. கேபினுக்குள் பார்க்கும் கேமராவுக்குச் சொல்லவே வேண்டாம். என்ன எடுக்கிறார்கள், யார் பார்ப்பார்கள் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சாலைக் கட்டணத்துக்கும் இதே பெட்டிதானா?

பல நாடுகளில் தனிப் பெட்டி. சுவிட்சர்லாந்து 2001 முதல் தூரம், எடை, புகை வகை மூன்றையும் பெருக்கிக் கட்டணம் வாங்குகிறது. ஜெர்மனி 2005-இல் 12 டன்னுக்கு மேற்பட்ட வண்டிகளோடு தொடங்கி, 2024 ஜூலையில் 3.5 டன்னுக்கு மேற்பட்டவற்றுக்கும் நீட்டியது.

கருவி நடுவழியில் நின்றுபோனால் வண்டியையும் நிறுத்த வேண்டுமா?

பொதுவாக வேண்டாம், சொல்லாமல் இருக்கத்தான் கூடாது. அமெரிக்க விதியில் டிரைவர் 24 மணி நேரத்துக்குள் எழுத்தில் தெரிவித்துவிட்டுக் காகிதத்தில் பதிய வேண்டும், நிறுவனம் 8 நாளில் சரிசெய்ய வேண்டும்.

கருவி வாங்கும் முன் விற்பவரிடம் என்ன கேட்பது?

திரையில் காட்டும் வண்ணப் படங்களைத் தள்ளிவையுங்கள். உங்கள் பெர்மிட் கேட்கும் சான்றிதழ் இந்த மாடலுக்கே உண்டா, அதே கம்பெனியின் வேறு மாடலுக்கா? டிரெய்லரை மாற்றி மாற்றி இழுக்கிறீர்கள் என்றால் எந்த டிரெய்லர் மாட்டியிருக்கிறது என்று கருவிக்கு எப்படித் தெரியும்? இது தெரியாவிட்டால் எடைக் கணக்கு முழுக்க வேறு வண்டியினுடையதாகிவிடும். அளவுதிருத்தம் யார் செய்வார்கள், செலவு யாருடையது? சிக்னல் இல்லாத இடத்தில் எத்தனை நாள் பதிவைத் தாங்கும்?

அப்புறம், ஒப்பந்தம் முடிந்து வேறு நிறுவனத்துக்கு மாறினால் பழைய பதிவுகள் உங்களுக்குக் கிடைக்குமா, எந்த வடிவத்தில், எத்தனை வருடத்துக்கு? பழைய பயணம் ஒன்றைப் பற்றி நோட்டீஸ் வரும் நேரத்தில், அதற்கான பதிவு நீங்கள் சந்தா நிறுத்திய சர்வரில் இருக்கும்.